கொழும்புக்கு முதல் வியாபாரப் பயணம்: புதுசாக் கொம்பனி தொடங்கின திருமலை (திருகோணமலை) பிள்ளைகளுக்கு, எங்கட பக்கத்து நாலு இடத்து ஆக்கள் எழுதுறது

உவர்மலையிலிருந்து:
பயணத் திகதியைக் குறிச்சிட்டு ஆளைத் தேடாதீங்கோ, தம்பிமார், தங்கச்சிமார். "வாங்கோ பாப்பம்" என்று போனில் சொன்ன ஒருத்தரை நம்பி 260 கிலோமீற்றர் போறது காசுக்கும் நித்திரைக்கும் நட்டம். உங்களிட்ட வாங்கிற செலவுக்கு அங்க கையெழுத்து வைக்கிறது ஆர், அவர் அந்த நேரம் இருப்பாரா என்ற இரண்டையும் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் எடுங்கோ. அந்தச் சந்திப்பு உறுதியான பிறகுதான் அதைச் சுத்தி மற்றதுகளைப் போடவேணும். ஒரு நாளைக்கு மூண்டுக்கு மேல சரிவராது. கோட்டை, நவம் மாவத்தை, யூனியன் பிளேஸ், கொள்ளுப்பிட்டி எல்லாம் ஒரு நாள். ராஜகிரிய, மாலபே வேற நாள். காலையிலயும் பின்னேரமும் அந்த ரோட்டு நகராது.

கலண்டரில் போயா (பூரணை விடுமுறை) தினத்தைப் பாருங்கோ. அண்டைக்கு ஒபிஸ் பூட்டு. போயா வெள்ளியிலயோ திங்களிலயோ விழுந்தால் பஸ்ஸிலயும் ரயிலிலயும் இடம் கிடைக்காது. ஏப்ரல் 13, 14ஐ ஒட்டின கிழமையில கொழும்பில முடிவெடுக்கிற ஆள் ஒருத்தரும் இருக்கமாட்டார்.

கிண்ணியாவிலிருந்து:
போக்குவரத்தைச் சொல்றேன். இரவு பஸ் கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் வழியாப் போய் ஆறு, ஏழு மணித்தியாலத்துல சேரும். ரயில் கல்லோயா சுத்திப் போறதால கூட நேரம் எடுக்கும், ஆனா முதுகை நீட்டிக்கிட்டுப் போகலாம். கல்லோயாப் பக்கம் யானை கடக்கிற இடங்கள்ல வேகத்தைக் குறைப்பாங்க. 2025 பெப்ரவரியில அங்க ரயில் மோதி 6 யானை செத்துப்போச்சு, அதனால அந்தத் தாமதத்தைக் குறை சொல்ல ஏலாது. ரயில்ல போறவங்க சந்திப்பைக் காலை 10 மணிக்கு முன்னால வைக்காதீங்க.

எதுல போனாலும் விடியிறதுக்கு முன்னால இறங்க வேண்டி வரலாம். குளிக்க, உடுப்பு மாத்த இடம் இல்லாம நிண்டா அந்த நாளே போச்சு. வெள்ளவத்தை லொட்ஜுக்கு முதல் நாளே போன் எடுத்து, "விடிய அஞ்சு மணிக்கு வாறேன், எத்தினை நாள் கணக்கு?" எண்டு கேளுங்க. பகல் 12 மணிக்கு நாள் மாறுற இடத்துல இரண்டு நாள் காசு எடுப்பாங்க. அடையாள அட்டை கட்டாயம் கேப்பாங்க. புறக்கோட்டையிலிருந்து காலி வீதியால போற 100, 101 பஸ் இரண்டும் வெள்ளவத்தைக்குப் போகும். கோட்டையிலிருந்து கரையோர ரயிலும் இருக்கு.

புறக்கோட்டை மொத்த வியாபாரிகளைச் சந்திக்கிறதா இருந்தா வெள்ளி 12 மணியிலிருந்து 2 மணி வரைக்கும் ஒண்டும் வைக்காதீங்க. ஜும்ஆத் தொழுகை நேரம்.

மட்டிக்களியிலிருந்து:
மென்பொருள் காட்டப் போறவைக்கு. பெரிய கட்டடங்களில் வாசலில் அடையாள அட்டையைக் குடுத்து, பெயர் எழுதி, பாஸ் வாங்கி, லிப்ட்டுக்கு நிண்டு மேல ஏற 15 நிமிசம் போயிடும். உள்ளுக்குப் போனால் அவையின்ர விருந்தினர் வைஃபை கடவுச்சொல் கேக்கும், அது ஐடி ஆளிட்டத்தான் இருக்கும், அவர் தேத்தண்ணி குடிக்கப் போயிருப்பார். உங்கட போன் ஹொட்ஸ்பொட் கொங்கிறீற் சுவருக்குள்ள ஒரு கோட்டில நிக்கும். அதால டெமோ முழுக்க இணையம் இல்லாமல் லப்டொப்பிலயே ஓடவேணும். அதுவும் விழுந்தால் காட்ட, திரைப்பதிவு செய்த இரண்டு நிமிச வீடியோ ஒண்டைப் போனிலயும் பென்டிரைவிலயும் வைச்சிருங்கோ. டைப்-சி மட்டும் உள்ள லப்டொப் எண்டால் எச்டிஎம்ஐ மாற்றி வேணும். புதுக் கட்டடங்களில் சதுர முள் 13 அம்பியர் பிளக் பொயின்ற்தான். உங்கட சார்ஜர் உருண்டை முள் எண்டால் அடப்டரையும் பையில போடுங்கோ.

டெமோவுக்குள்ள உண்மையான வாடிக்கையாளற்ற பெயரும் போன் நம்பரும் இருக்கக்கூடாது. நிலாவெளி ஹோட்டலுக்குச் செய்த முன்பதிவுச் செயலியைக் காட்டேக்க, அங்க தங்கின ஆளின்ர நம்பர் திரையில ஓடினால், எதிரில இருக்கிறவர் "எங்கட தரவையும் இப்பிடித்தான் அடுத்த ஆளுக்குக் காட்டுவினம்" எண்டுதான் நினைப்பார். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் பற்றிக் கேள்வியும் வரும். போலித் தரவு 30 வரி எழுதிக்கொண்டு போங்கோ.

நிலாவெளியிலிருந்து:
கருவாடு, முருங்கையிலைத் தூள் போலச் சாமான் கொண்டுபோறவை, சாம்பிள் பொதியைக் காற்றெடுத்து அடைச்சு, அதுக்கு மேல இன்னொரு உறையும் போடுங்கோ. ஒரு பொதியில ஊசித்துளை இருந்தாலே இரவு முழுக்க உடுப்புப் பையில மணம் ஏறிடும். உடுப்பு வேற பையில இருக்கட்டும். சுப்பர்மார்க்கட் ஆக்கள் ருசி பாக்க முதல் பார்கோடைத்தான் தேடுவினம். இலங்கைக்குரிய இலக்கம் 479 இல தொடங்கும், பார்கோட் இலக்கம் குடுக்கிற ஜிஎஸ்1 லங்கா நிறுவனத்திட்ட எடுக்கவேணும். விலை கதைக்கேக்க அவையின்ர பங்கு எவ்வளவு, காசு எத்தினை நாளில, திகதி முடிஞ்ச சாமானைத் திருப்பி அனுப்பினால் ஆர் பொறுப்பு எண்டு மூண்டையும் கேளுங்கோ. மூண்டாவதைக் கேளாமல் வந்தால் முதல் இரண்டுக்கும் பெறுமதி இல்லை.

உவர்மலையிலிருந்து:
பத்திரத்தைப் பற்றி ஒருத்தரும் எழுதேல்ல, எனக்கு அதுதான் பெரிய விசயம். "சரி, செய்வம்" எண்டு நீங்கள் சந்திச்ச கொம்பனிக்காரர் சொன்னதும் விற்பனையாளர் பதிவுப் படிவம் நீட்டுவினம். கொம்பனிப் பதிவுச் சான்றிதழ், படிவம் 1 (கொம்பனிப் பதிவு விண்ணப்பம்), பணிப்பாளற்ற அடையாள அட்டை, வரி இலக்கம், வங்கிக் கணக்கை உறுதிப்படுத்துற கடிதம் எல்லாத்திலயும் பிரதி இரண்டு, ஒரு கோப்பில. திருமலைக்கு வந்து அனுப்புவம் எண்டு விட்டால் அந்தப் படிவம் அவற்ற மேசையில மற்றக் கடதாசிக்குக் கீழ போயிடும்.

விலைக்கூறலில (கொட்டேசன்) கொம்பனியின்ர பதிவான முழுப் பெயர் இருக்கவேணும். செயலியின்ர பெயரை மட்டும் போட்டால் காசோலையும் அந்தப் பெயரிலதான் வரும். கணக்கு "பிரைவேட் லிமிடெட்" பெயரில இருந்தால் வங்கி அதை வைப்பில போடாது, பேந்து மாத்தி எழுதுவிக்க இன்னொரு மாசம். வற் (பெறுமதி சேர் வரி) பதியாத கொம்பனி 18 வீதத்தைச் சேர்த்து எழுத ஏலாது. "வற் பதிவு இல்லை" எண்டு கீழ தெளிவாப் போடுங்கோ.

எழும்ப முதல் அடுத்த வேலையை ஆர் செய்யிறது, எந்தத் திகதிக்குள்ள எண்டு அவற்ற வாயாலேயே சொல்லவையுங்கோ. அதை அண்டைக்கே, திரும்பி வாற பஸ் குருநாகல் தாண்ட முதல், நாலு வரி மின்னஞ்சலாக அனுப்புங்கோ. தம்புள்ளைக்கு இங்கால சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும்.