லேபர் இன்ஸ்பெக்டரை வாசலில் நிறுத்தினால் குற்றமா? வந்தவர் போலியாக இருந்தால்?

சாட்ஸ்வொர்த்_கடை:
வணக்கம். தென்னாப்பிரிக்கா, டர்பனில் டேக்அவே கடை, வேலையாட்கள் உண்டு. இன்ஸ்பெக்டர் என்று யாராவது வந்தால், அடையாளம் பார்க்கும்வரை வெளியே நிறுத்தலாமா? அதையே 'தடுத்தார்' என்று எழுதிவிட்டால் என்ன தண்டனை? வீடு பின்கட்டில், பதிவேடுகளும் அங்கேதான்.

பீனிக்ஸ்_கணக்கர்:
சான்றைப் பார்க்கும் நேரத்துக்கு நிறுத்தலாம். 1997-இன் அடிப்படை வேலை நிபந்தனைகள் சட்டத்தில் 63-ஆம் பிரிவுப்படி ஒவ்வொரு இன்ஸ்பெக்டருக்கும் கையொப்பமிட்ட சான்று உண்டு. எந்தெந்தச் சட்டங்களுக்கு அவருக்கு அதிகாரம் என்பதும் அதில் இருக்கும். படத்தை மட்டும் பார்த்துவிட்டு அதை விட்டுவிடாதீர்கள். கேட்டால் காட்டியே ஆக வேண்டும். சந்தேகம் இருந்தால் டர்பன் தொழிலாளர் மையத்துக்கு (தொழிலாளர் துறையின் அலுவலகம்) நீங்களே போன் செய்யுங்கள், வந்தவர் தரும் நம்பருக்கு வேண்டாம்.

சான்று சரியென்றால் கடைக்குள் வர வாரண்டும் முன்னறிவிப்பும் தேவையில்லை, நியாயமான நேரமாக இருந்தால் போதும். "கணக்கர் வரட்டும்" என்று கேட்டைப் பூட்டி வைப்பது, ஆட்களைப் பின்வாசலால் அனுப்புவது, கேள்விக்குப் பதில் சொல்ல மறுப்பது எல்லாம் 92-ஆம் பிரிவில் வரும். இன்ஸ்பெக்டராக நடிப்பதும் அதே பிரிவுதான். இரண்டுக்கும் அபராதம் அல்லது ஓராண்டு வரை சிறை.

சாட்ஸ்வொர்த்_கடை:
அபராதம் எவ்வளவு, ஐயா?

பீனிக்ஸ்_கணக்கர்:
92-க்கு ராண்ட் கணக்கு சட்டத்தில் இல்லை. 1991-இன் அபராதச் சீரமைப்புச் சட்டப்படி சிறைக்காலத்தை வைத்துக் கணக்கிடுவார்கள். மாவட்ட மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் உச்சவரம்பு 3 ஆண்டு, 120,000 ராண்ட். அந்த விகிதத்தில் ஓராண்டுக்கு 40,000. வந்தவர் பணம் கேட்டால் போலி என்றே வையுங்கள்.

உம்லாஸ்_தொழில்சட்டம்:
கடைசி வரியில் ஒரு திருத்தம். தொழிலாளிக்குப் பாக்கியுள்ள சம்பளத்தை, அந்தத் தொழிலாளி எழுத்தில் கேட்டால், உண்மையான இன்ஸ்பெக்டரே வாங்கிக்கொள்ளலாம். ரசீது தர வேண்டும். அபராதம் என்று சொல்லி அங்கேயே ரொக்கம் கேட்க மட்டும் யாருக்கும் அதிகாரமில்லை. நீங்களாக ஐந்நூறு நீட்டினால் 92-உம், 2004-இன் ஊழல் தடுப்புச் சட்டமும் உங்கள் மேல்தான் பாயும்.

பின்கட்டு வீட்டுக்குள் உங்கள் சம்மதமோ தொழிலாளர் நீதிமன்றத்தின் எழுத்து அனுமதியோ இல்லாமல் அவர் வர முடியாது. அதற்காகப் பதிவேடுகளைத் தர மறுக்கக் கூடாது, அதுவும் 92. கடைசிப் பதிவு எழுதிய நாளிலிருந்து 3 ஆண்டு வைத்திருக்க வேண்டிய பதிவேடுகளைக் கல்லாவுக்கு அடியிலேயே வைத்துவிடுங்கள், வீட்டுக்குள் வர அவருக்குக் காரணமே இருக்காது. எடுத்துப்போனால் ரசீது வாங்குங்கள்.

பதில் சொல்லப் பயப்பட வேண்டாம்: அதே 1997 சட்டத்தின் 91-ஆம் பிரிவுப்படி, பொய் சொன்ன வழக்கைத் தவிர, அந்தப் பதிலை உங்கள் மேல் குற்றவழக்கில் பயன்படுத்த முடியாது.

கேஸ் அடுப்பு, தரை வழுக்கல் என்று பாதுகாப்பு பார்க்க வருபவர் 1993-இன் தொழில் பாதுகாப்புச் சட்டத்தில் வருவார். அங்கே தடுத்தாலும் நடித்தாலும் 38-ஆம் பிரிவு: 50,000 ராண்ட் வரை அபராதம், அல்லது ஓராண்டு, அல்லது இரண்டும்.