புதுப்பிப்பு: படலத்தில் காணாமல் போன ஒளி

கண்ணாடியில் பூசிய டைட்டானியம் டைஆக்சைடு படலத்தில் ஊடுருவலையும் எதிரொளிப்பையும் கூட்டினால் 100 சதவீதம் வரவில்லை, மிச்சம் உட்கவர்தலா (படலமே ஒளியை விழுங்குவது) சிதறலா (ஒளி வேறு திசைகளில் தெறிப்பது) என்று முன்பு கேட்டிருந்தேன். உட்கவர்தல்தான்.

குறுக்கீட்டு முகடுகளை, அதாவது படலத்தின் இரு பரப்புகளிலும் எதிரொளிக்கும் அலைகள் ஒன்றோடொன்று சேர்வதால் ஊடுருவல் வரைபடத்தில் வரும் உச்சங்களை, பார்க்கச் சொன்னவருக்கு நன்றி. படலத்தின் ஒளியியல் தடிமன் (தடிமனை ஒளிவிலகல் எண்ணால் பெருக்கியது) அரை அலைநீளத்தின் முழு மடங்காகும் இடத்தில் படலமே இல்லாதது போல ஆகிவிடும். இழப்பு இல்லையென்றால் அங்கே முகடு வெறும் கண்ணாடியின் அளவை, அதாவது சுமார் 92 சதவீதத்தை, தொட வேண்டும். என்னுடையவை எல்லாம் கீழேயே நின்றன. நீலப் பக்கம் இன்னும் மோசம். சிதறிய ஒளியையும் சேர்த்துப் பிடிக்கும் ஒருங்கிணைப்புக் கோளத்தில் அளந்தால் சிதறல் ரொம்பக் குறைவு.

சரி, உட்கவர்தலுக்குக் காரணம் படலத்தில் ஆக்சிஜன் பற்றாக்குறையாக இருக்கும் என்று காற்றில் 400 டிகிரி செல்சியஸில் சூடாக்கினேன். முகடுகள் ஏறிவிட்டன. தடிமன் கணக்குதான் பாக்கி. ஒளிவிலகல் எண் அலைநீளத்தோடு மாறிப் படுத்துகிறது.