லாரி கேபினில் மோதல் எச்சரிக்கை: உங்கள் அனுபவம் எப்படி?

ஓசூர்_டிசைனர்:
மோதல் எச்சரிக்கைக் கருவி லாரி டிரைவருக்கு எதை, எப்போது, எப்படிச் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்வது என் வேலை. ஐரோப்பாவில் 2015 நவம்பரில் பெரும்பாலான புதிய கனரக லாரிகளுக்குத் தானியங்கி அவசர பிரேக் கட்டாயமானது. பிரேக் தானாக விழுவதற்கு 1.4 விநாடி முன்பாவது சத்தத்தாலோ அதிர்வாலோ டிரைவரை உஷார்படுத்த வேண்டும் என்பது அப்போது அங்கே வந்த விதி. நம்ம ரோடு வேற கதை. கிருஷ்ணகிரி வரை ஒரு லோடு லாரியில் கூடவே போனேன். முன்னால் கொஞ்சம் இடம் விட்டால் போதும், ஒரு டூவீலர் நுழையும், எச்சரிக்கைப் பெட்டி கத்தும். டிரைவர் அதற்குள் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்திருப்பார், அப்படியும் கத்தும். சூளகிரி தாண்டுவதற்குள் கிளீனர் ஸ்பீக்கர் ஓட்டையில் டேப் ஒட்டிவிட்டார்.

நாமக்கல்_டிரெய்லர்:
ஒட்டாம என்ன பண்றது தம்பி? சத்தத்தைக் கூடப் பொறுத்துக்கலாம். ஒவ்வொரு பீப்பும் ஓனர் போனுக்குப் போகுதே! "ஏன் கிட்டப் போனே"ன்னு ஓடுற வண்டியிலயே கூப்பிடுறாங்க. அந்த போனை எடுக்கிறதை விடவா ஆபத்து?
ஆனா ஒண்ணு, உள்ளதைச் சொல்லணும். தொப்பூர் இறக்கத்துல விடியறதுக்கு முன்னாடி, பின்லைட் எரியாத செங்கல் லாரி ஒண்ணு ஊர்ந்துகிட்டு இருந்துச்சு. என் கண்ணுக்கு முன்னாடி ரேடாருக்குத் தெரிஞ்சுது. வந்தது டூவீலருக்கு வர்ற அதே டிங்டிங்தான். ரோடு காலியா இருந்ததால 'எதுக்குக் கத்துது'ன்னு பார்த்தேன். பகல்ல வந்திருந்தா காதுலயே போட்டிருக்க மாட்டேன்.

சேலம்_லாரி_ஓனர்:
எங்களைத் திட்டாதீங்க, நாங்களும் போனுக்கு வர்ற அந்த பீப் லிஸ்டைப் பார்க்கிறதை விட்டாச்சு. பாதிக்கு மேல டோல்கேட் வரிசையில அடிச்ச பீப். ஊர்ந்து போறப்ப சத்தமே வேண்டாம்னு கேட்டோம், கம்பெனிக்காரங்க ஒத்துக்கலை.

ஓசூர்_டிசைனர்:
ஊர்ந்து போகும்போதுதான் கேபினுக்கு நேர் கீழே நிற்கிற ஆள் டிரைவர் கண்ணில் படமாட்டார். ஐ.நா.வின் வாகன விதிகளில் 159-ஆம் விதியே அதற்காக வந்ததுதான். அதனால் முழுசாக நிறுத்த முடியாது, பம்பருக்கு முன்னால் ஆள் நின்றால் மட்டும் அடிக்கலாம்.
டிரெய்லர் அண்ணே, அடுத்த சோதனைக்கு இப்படி யோசிக்கிறேன்: இடைவெளி குறைந்தால் கண்ணாடி ஓரத்தில் மஞ்சள் விளக்கு மட்டும். கால் பிரேக்குக்குப் போய்விட்டால் பெட்டி வாயைத் திறக்காது. மோதப் போகிற நேரத்துக்கு மட்டும் வேறு எதற்கும் வராத ஒரு சத்தம். மஞ்சள் விளக்கு ஓனருக்குப் போகாது.

நாமக்கல்_டிரெய்லர்:
கடைசி வரியை ஓனர்கிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க தம்பி, டேப்பை நானே பிய்ச்சுடுறேன்.