டெங்கு ஸ்ட்ரிப்பில் பொய்க்கோடு: லேப் அனுபவம் உள்ளவர்கள் உதவ முடியுமா?

வணக்கம். ஒரு சின்ன ஆய்வுக்கூடத்தில் டெங்கு என்எஸ்1 ஆன்டிஜெனை (டெங்கு வைரஸின் ஒரு புரதம்) கண்டுபிடிக்கும் ஸ்ட்ரிப் உருவாக்கிக்கொண்டிருக்கிறோம். ஐஜிஎம் (தொற்று வந்தால் உடல் முதலில் உருவாக்கும் ஆன்டிபாடி) தெரிய 4-5 நாள் ஆகிவிடும். என்எஸ்1 காய்ச்சலின் ஆரம்ப நாட்களிலேயே ரத்தத்தில் இருக்கும். அதனால்தான் இதை எடுத்தோம்.

சிக்கல் இதுதான். டெங்கு இல்லாத சிலரின் சீரத்திலும் (ரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதி) 15 நிமிடத்தில் டெஸ்ட் கோடு இளஞ்சிவப்பாக மெல்ல எழுகிறது. சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும், ஆனால் தெரிகிறதே! வெறும் பஃபர் விட்டால் வருவதில்லை. ஆகவே கோட்டுக்கு நிறம் தரும் தங்கத் துகள் தானாகப் போய் ஒட்டவில்லை. சீரத்தில் உள்ள ருமட்டாய்டு ஃபேக்டர் (மற்ற ஆன்டிபாடிகளின் வால் பகுதியில் ஒட்டும் ஆன்டிபாடி), தங்கத் துகளிலும் கோட்டிலும் உள்ள இரண்டு எலி ஆன்டிபாடிகளுக்கும் நடுவே பாலம் போடுகிறதோ என்று சந்தேகம். சீரம் விடும் சாம்பிள் பேடில் ட்வீன்-20 (சோப்பு போன்ற ஒரு பொருள்) கூட்டினால் பொய்க்கோடு மங்குகிறது, கூடவே அசல் கோடும் மங்கித் தொலைகிறது.

ஹெட்டரோஃபிலிக் பிளாக்கர் (இப்படிப் பாலம் போடுவதைத் தடுக்கும் பொருள்) போட்டவர்கள், முழு ஐஜிஜி ஆன்டிபாடிக்குப் பதில் எஃப்ஏபி துண்டு (வால் நீக்கிய ஆன்டிபாடித் துண்டு) பயன்படுத்தியவர்கள் இருந்தால், எது கைகொடுத்தது என்று சொல்லுங்கள். பிளாக்கர் விலையைக் கேட்டாலே தலை சுற்றுகிறது, சும்மா வாங்கிப் பார்க்க முடியாது.

இன்னொரு உதவி. இரண்டாவது முறை டெங்கு வந்தவர்களிடம் பழைய ஆன்டிபாடி என்எஸ்1-ஐ மூடிக்கொள்வதால் ஸ்ட்ரிப் தவறவிடலாம். அத்தகைய சீரமும், குறுக்கு வினை (வேறு நோய்க்கும் கோடு வருகிறதா என்று) பார்க்க சிக்குன்குனியா, மலேரியா சீரமும் பெயர் நீக்கியவையாக எங்காவது கிடைக்குமா? எத்திக்ஸ் கமிட்டி அனுமதி இருக்கிறது. திரும்பத் திரும்ப உருக்கி உறைய வைத்த சாம்பிள் மட்டும் வேண்டாம். இன்பாக்ஸில் சொன்னாலும் சரி.