முகம் ஒத்தால்தான் சத்துமாவு: அங்கன்வாடியில் இது சரிதானா?

முக்கூடல் பணியாளர்:
வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் சத்துமாவைப் பெற வருபவரின் முகத்தைப் அங்கன்வாடிப் பதிவுகளுக்கான போஷன் டிராக்கர் செயலியில் சரிபார்த்த பிறகே கொடுக்க வேண்டும் என்ற ஒன்றிய அரசின் விதி 2025 ஜூலை 1 முதல் கட்டாயமாகிவிட்டது. எங்கள் பக்கம் பெண்களுக்குப் பீடி சுற்றுவதுதான் பிழைப்பு. பாலூட்டும் தாய் ஒருவர் கட்டுகளைக் கடையில் ஒப்படைத்து இலையும் தூளும் வாங்கப் போயிருந்ததால், பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு மாமியார் வந்தார். எனக்கு அவரை இருபது வருடமாகத் தெரியும்; செயலிக்குத் தெரியாது. மறுநாள் தாயே வந்தும், ஆதார் சரிபார்ப்புக்கான ஓடிபி திருப்பூரில் இரவு வேலை முடித்து உறங்கிக்கொண்டிருந்த கணவரின் கைபேசிக்குப் போயிற்று. ஏச்சு வாங்கியது நான்.

பாளை ஓய்வூதியர்:
அம்மா, இதே துறையில் மேற்பார்வை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். பதிவேட்டில் எல்லாப் பெயருக்கும் நேரே கையொப்பம் இருக்க, அந்தச் சத்துமாவு மாட்டுத் தொட்டியில் கரைந்துகொண்டிருந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். தெரிந்த முகம் என்று கொடுக்கும் உரிமையை உங்களைப் போன்றவருக்குத் தந்தால், அதையே வேறு மாதிரிப் பயன்படுத்துபவருக்கும் தந்ததாகிவிடுமே.

சேரன்மகாதேவி வாசகர்:
அண்ணாச்சி சொல்லும் திருட்டு உண்மைதான். ஆனால் மூட்டையாகக் கைமாறியதைப் பிடிக்க, ஒரு பாக்கெட்டுக்கு வந்த கிழவியையா நிறுத்துவது?

முக்கூடல் பணியாளர்:
சரிபார்ப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, ஐயா. நீங்கள் பார்த்த காலத்தில் 11 பதிவேடுகள் இருந்தன. எழுதி எழுதிக் கை ஓய்ந்தாலும், ‘தாய் வெளியூர், மாமியார் பெற்றுக்கொண்டார்’ என ஒரு வரி எழுதி ரேகை வாங்க ஓரத்தில் இடம் இருந்தது. அந்த வரியை நீங்கள் வந்து தணிக்கை செய்யலாம், பொய்யென்றால் என்னிடம் விளக்கம் கேட்கலாம். இப்போது அந்த ஓரம் இல்லை. கொடுக்காமல் விட்டதற்கான காரணத்தையாவது நான் எங்கே எழுதுவது?

பாளை ஓய்வூதியர்:
அதற்கு இடம் வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காரணத்தை நீங்கள் எழுதுங்கள். கொடுக்கலாம் என்ற ஒப்புதலை அன்றே மேற்பார்வையாளர் தரட்டும்.

முக்கூடல் பணியாளர்:
தரட்டும், ஐயா. எங்கள் மேற்பார்வையாளர் பார்க்கும் மையங்கள் பல. அன்று மாலைக்குள் அவரும் தொலைபேசியை எடுக்க வேண்டும்.