வாலிப வயதில் உங்கள் விசுவாசத்தைப் பிடித்து நிறுத்தியது எது? அனுபவத்தை எழுதுங்கள்

நாசரேத் பக்கம்:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் சேகரத்தில் (ஒரு குருவானவரின் பொறுப்பில் உள்ள சபைகளில்) வாலிபரைச் சபையில் முழு அங்கத்தினராக்கும் திடப்படுத்தல் ஆராதனை வருடாவருடம் நன்றாகத்தான் நடக்கிறது. பையன்கள் வெள்ளைச் சட்டையிலும் பெண்பிள்ளைகள் வெள்ளைச் சேலையிலும் வரிசையாக முழங்காற்படியிடுவார்கள், பேராயர் தலையில் கை வைத்து ஜெபிப்பார், மதியம் வீட்டுக்கு வீடு பிரியாணி. அடுத்த சில மாதத்தில் அதே பையன்களில் பலர் பிரசங்க நேரத்தில் காம்பவுண்டுச் சுவர் ஓரம் பைக்கில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல இதைத் தொடங்கவில்லை. உள்ளே நின்றவர்கள் எதனால் நின்றோம் என்று எழுதினால் பெற்றோருக்கும் ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கும் உதவும்.

என்னை நிறுத்தியது ஆராதனையில் வேதபாடம் வாசிக்கிற வேலை. பதினோராம் வகுப்பு படிக்கும்போது ஒரு சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் உபதேசியார் (குருவானவருக்கு உதவியாகச் சபையைக் கவனிக்கிற ஊழியர்) கூப்பிட்டு, "நாளைக்குப் பழைய ஏற்பாட்டுப் பாடம் நீதாம்லே வாசிக்கணும்" என்றார். தானியேல் மூன்றாம் அதிகாரம், ராஜாவின் சிலையை வணங்க மறுத்த மூன்று பேரின் கதை. ஆளில்லாத கோவிலில் என்னை முன்னால் நிறுத்திவிட்டு அவர் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார். சாத்ராக், மேஷாக், ஆபேத்நேகோ என்று பெயர் வரும் இடத்தையெல்லாம் நான் வேகமாக ஓட்டினேன். "இங்க ஒண்ணும் கேக்கல, திரும்ப வாசி" என்று அங்கிருந்து சத்தம் வரும். அந்த மூவரும் ராஜாவுக்குப் பதில் சொல்லும் இடம் வந்ததும் எழுந்து பக்கத்தில் வந்தார். தேவன் எங்களைத் தப்புவிக்க வல்லவர், விடுவிக்காமற்போனாலும் உம்முடைய சிலையைப் பணியமாட்டோம் என்கிற இடம். "இதைச் சொன்னவங்க வாலிபப் பயலுவ. அவசரப்படாம, நின்னு வாசி" என்றார்.

கல்லூரியில் இருந்தபோது அப்பாவுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. திருநெல்வேலிக்கு டயாலிசிஸுக்கு அழைத்துப் போவதும் வருவதுமாக இருந்தோம். சபை முழுக்க உபவாசித்து ஜெபித்தது. அப்பா பிழைக்கவில்லை. அடக்க ஆராதனை முடிந்து எல்லாரும் போன ராத்திரி, நான் என் வாயால் சபைக்கு முன்னால் வாசித்த அந்தப் பதில்தான் எனக்குள் ஓடியது. தேவன் விடுவிக்காவிட்டாலும் விலகாத விசுவாசம் ஒன்று உண்டு என்று அதற்கு முன்பே எனக்குத் தெரிந்திருந்தது. பிரசங்கத்தில் கேட்டதாக இருந்தால் அந்த ராத்திரியில் ஞாபகம் வந்திருக்குமா, சந்தேகம்தான். பிள்ளைகளை நம்பி ஒரு பொறுப்பைக் கொடுங்கள் என்று நான் எல்லா இடத்திலும் சொல்வது இதனால்தான்.

குழித்துறை அக்கா:

தம்பி எழுதியதைப் படித்ததும் எனக்கு வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி) ஞாபகம் வந்தது. ப்ளஸ் டூ பரீட்சை முடிந்த மே மாதம். ஆசிரியை வரவில்லை என்று ஆரம்ப வகுப்புப் பிள்ளைகளை என்னிடம் விட்டுவிட்டார்கள். ஆக்‌ஷன் சாங், கலர் பேப்பர், ரஸ்னா எல்லாம் சமாளித்துவிட்டேன். மனப்பாட வசனம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கும்போது ஒரு சின்னப் பெண் எழுந்து, "அக்கா, எங்க தாத்தா சாமி கும்பிடுவாங்க. அவங்க பரலோகத்துக்கு வருவாங்களா?" என்று கேட்டாள். அவள் அம்மா மட்டும்தான் சபைக்கு வருகிறவர்.

அன்று சாயங்காலம் போதகர் வீட்டு வாசலில் போய் நின்றேன். அவர் ஒரு வசனத்தை எடுத்துக் கையில் கொடுத்து அனுப்பவில்லை. "தாத்தாவை இயேசு நேசிக்கிறார், அது நமக்கு நிச்சயமாகத் தெரியும். தீர்ப்பு சொல்கிற வேலை நம்முடையது இல்லை. அப்படியே சொல்லும்மா" என்றார். மறுநாள் அப்படியே சொன்னேன். அவள் சரி என்று தலையாட்டிவிட்டு கலர் பென்சிலை எடுத்துக்கொண்டாள். ஆனால் எனக்கு அந்தக் கேள்வி முடியவில்லை. ரோமர் நிருபத்தை முதல் அதிகாரத்திலிருந்து நானாக உட்கார்ந்து படித்தது அந்த லீவில்தான். அதுவரை என்னிடம் இருந்தது அம்மாவின் விசுவாசம்.

ஓ.எம்.ஆர். வாசி:

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். பொறுப்பு கொடுத்தால் வாலிபர் நிற்பார்கள் என்கிறீர்கள். எங்கள் ஊரில் வாலிபருக்குக் கொடுத்த பொறுப்பு என்ன? அசனத்துக்கு (சபை விருந்துக்கு) இலை போடு, சாம்பார் வாளி தூக்கு, கன்வென்ஷனுக்கு நாற்காலி அடுக்கு, கேரல் ரவுண்ட்ஸுக்கு ஜெனரேட்டர் வண்டி பிடி. நான் எல்லாம் சந்தோஷமாகத்தான் செய்தேன். ஆனால் பரிணாமம் பற்றிப் பாடப் புத்தகத்தில் படித்துவிட்டு ஆதியாகமத்தை எப்படி வாசிப்பது என்று கேட்டபோது, "இப்படியெல்லாம் கேட்காதே, பின்மாற்றத்தில் விழுந்துவிடுவாய்", அதாவது விசுவாசத்தை விட்டுப் போய்விடுவாய் என்றார்கள். கை மட்டும் வேண்டும், கேள்வி வேண்டாம் என்றால் எந்தப் பையன் நிற்பான்?

வேலைக்குச் சென்னைக்கு வந்தபின் ஒரு வருடத்துக்கும் மேல் எந்தச் சபைக்கும் போகவில்லை. ஞாயிறு காலையில் பி.ஜி.யில் எல்லாரும் தூங்கிக்கொண்டிருப்பார்கள். துணி துவைப்பேன், ஊருக்குப் போன் பண்ணினால் அம்மா முதலில் கேட்பது "கோவிலுக்குப் போனியா" என்றுதான், அதனால் போனையும் தள்ளிப்போடுவேன். அறைத் தோழன் ஒருவன் வெள்ளிக்கிழமை ராத்திரி நாலைந்து பேர் கூடுகிற இடத்துக்குக் கூட்டிப்போனான். மொட்டை மாடி, பரோட்டா பார்சல், ஒரு வேதாகமம். யோபு புத்தகம் வாசித்துக்கொண்டிருந்தார்கள். யோபு தேவனோடு வழக்காடுவதைக் கேட்டதும், இப்படிப் பேசுகிற மனிதனுக்கும் வேதத்தில் இடம் இருக்கிறதே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. என்னைத் திருப்பிக் கொண்டுவந்தது அந்த மொட்டை மாடி.

திண்டுக்கல் பங்கு:

பிரதர் சொல்வது சரிதான். கத்தோலிக்கர்கள் பக்கமும் இதே கதை உண்டு. பள்ளியில் நான் இருந்த இளம் மாணவர் இயக்கத்தில் பின்பற்றிய முறை பெல்ஜியம் நாட்டுக் குரு ஜோசப் கார்டைனுடையது. பள்ளித் தோழர்கள் ஆலை வேலைக்குப் போனபின் திருச்சபையைவிட்டு விலகிவிட்டதைப் பார்த்து மனம் நொந்தவர் அவர். 1925-ல் இளம் தொழிலாளர் இயக்கத்தைத் தொடங்கினார். முதலில் சுற்றி நடப்பதைப் பார், அப்புறம் நற்செய்தியின் வெளிச்சத்தில் சீர்தூக்கு, அதன்பின் செயல்படு. இதுதான் முறை.

எங்கள் வகுப்பில் ஒருவன் திடீரென்று வருவதை நிறுத்தினான். கூட்டத்தில் சிஸ்டர் எங்களிடம் ஜெபம் பண்ணச் சொல்லவில்லை, முதலில் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னார். போனோம். அப்பா கடன், இவன் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை. கையெல்லாம் வெடித்துப்போய் எங்களைப் பார்த்ததும் பின்னால் மறைத்துக்கொண்டான். திரும்பிவந்து "பசியாயிருந்தேன், எனக்கு உணவு கொடுத்தீர்கள்" என்ற பகுதியை வாசித்தோம். அதற்கு முன் எத்தனையோ திருப்பலியில் கேட்ட பகுதிதான், அன்றைக்குத்தான் அது எங்களிடம் பேசியது. பங்குத்தந்தையும் தலைமையாசிரியரும் பேசி, அவன் மறுபடி பள்ளிக்கு வந்தான். இன்றைக்கும் ஏதாவது முடிவு எடுக்கும்போது அந்த மூன்று படியில்தான் என் மனசு போகும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், பாளையங்கோட்டை:

பிள்ளைகளே, நீங்கள் பேசுவது பழைய விஷயம்தான். 1844-ல் லண்டனில் ஜவுளிக்கடையில் வேலை பார்த்த 22 வயது ஜார்ஜ் வில்லியம்ஸ், கூட வேலை பார்த்த பையன்களைச் சேர்த்துத் தொடங்கியதுதான் ஒய்.எம்.சி.ஏ. 1881-ல் அமெரிக்காவின் போர்ட்லாண்டில் போதகர் பிரான்சிஸ் கிளார்க் தொடங்கிய கிறிஸ்தவ முயற்சி சங்கத்தில், ஒவ்வொரு கூட்டத்திலும் ஏதாவது ஒரு பங்கு எடுப்பேன் என்று ஒவ்வொருவரும் உறுதி கொடுக்க வேண்டும். சும்மா வந்து உட்கார்ந்துவிட்டுப் போக முடியாது.

நம் ஊர்க்காரர் ஒருவரைச் சொல்கிறேன். வெள்ளாளன்விளை குருவானவரின் மகன் அசரியா, 1874-ல் பிறந்தவர். இருபது வயதை ஒட்டியே ஒய்.எம்.சி.ஏ. செயலாளராக ஊர் ஊராகப் போனார். 1902-ல் யாழ்ப்பாணம் போனபோது அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்களே ஊழியரை வெளியே அனுப்புவதைப் பார்த்து, நம்மால் ஏன் முடியாது என்ற பாரத்தோடு திரும்பினார். 1903-ல் இங்கே பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. 1912-ல் தோர்ணக்கல் பேராயர், ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்தியப் பேராயர். அந்த வயதில் ஒருவரை நம்பி வேலையைக் கொடுத்த பெரியவர்கள் இருந்தார்கள் என்பதையும் பாருங்கள். "தன் இளம்பிராயத்தில் நுகத்தைச் சுமக்கிறது மனுஷனுக்கு நல்லது" என்று புலம்பலில் இருக்கிறது. சாம்பார் வாளியும் நுகம்தான் தம்பி, அதைக் குறைவாக நினைக்காதீர்கள். ஆனால் அதோடு நிறுத்துகிற சபை வாலிபரை ஏமாற்றுகிறது. இதை நான் சேகரக் கமிட்டியிலும் சொல்லியிருக்கிறேன்.

நாசரேத் பக்கம்:

ஐயா சொன்னதும், ஓ.எம்.ஆர். தம்பி சொன்னதும் எனக்கு நன்றாகப் பிடிபட்டது. இந்த மாதம் முதல் பாடம் வாசிக்கிற பிள்ளைகளோடு சனிக்கிழமை பயிற்சி முடிந்ததும் கொஞ்ச நேரம் உட்காரப் போகிறேன். வாசித்த பகுதியில் புரியாதது, பிடிக்காதது, நம்ப முடியாதது எதுவானாலும் கேட்கலாம். எனக்குப் பதில் தெரியாதவற்றை இங்கே கொண்டுவந்து போடுகிறேன், ஐயா கைகொடுங்கள். அப்புறம் ஒரு கேள்வி: உங்களில் யாருடைய சபையிலாவது கமிட்டியில் வாலிபரை உட்காரவைத்து அவர்கள் பேச்சையும் கேட்கிறார்களா? பெரியவர்களை எப்படிச் சம்மதிக்க வைத்தீர்கள் என்று விவரமாக எழுதுங்கள்.