புதுப்பிப்பு: ஹேப்பி தரவுத்தளத்தில் அளவுகோல் தேடல்

முந்தைய இழையில், ஹேப்பியில் (உடல்நல, உளசமூக அளவீட்டுக் கருவிகளின் தரவுத்தளம்) சுருக்கப்பெயரைப் போட்டாலே போதும் என்று எழுதியிருந்தேன். அது தவறு.

'பிஎஸ்எஸ்' என்று தேடினால் 1983இல் ஷெல்டன் கோஹென் குழு வெளியிட்ட உணரப்பட்ட மன அழுத்த அளவுகோல் மட்டும் வராது. பெற்றோர் மன அழுத்த அளவுகோலுக்கும் பிடிஎஸ்டி (பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு) அறிகுறி அளவுகோலுக்கும் அதே சுருக்கம்தான். ஆகவே முழுப்பெயரை மேற்கோள் குறிக்குள் இட்டு, கருவிப்பெயர்ப் புலத்தில் மட்டும் தேடுங்கள். பிறகு முதன்மை மூலம் என்று குறித்த பதிவுகளைத் தனியே பாருங்கள். கருவியை உருவாக்கியவர்களின் கட்டுரை அங்கேதான் இருக்கும். மற்றவை பெரும்பாலும் அதைப் பயன்படுத்திய ஆய்வுகள்.

அடுத்த சிக்கல் வடிவம். கோஹென் குழுவின் அளவுகோலுக்கு 14, 10, 4 கேள்விகள் கொண்ட மூன்று வடிவங்கள் உண்டு. 10 கேள்வி வடிவத்தில் 4, 5, 7, 8 ஆகியவற்றுக்கு மதிப்பெண்ணைத் திருப்பிப் போட வேண்டும் (மிக உயர்ந்த மதிப்பெண்ணை மிகக் குறைந்ததாக, குறைந்ததை உயர்ந்ததாக). 14 கேள்வி வடிவத்தில் வரிசை எண்கள் வேறு. எது என்று பார்க்காமல் கூட்டினால் மொத்தமே பிசகும்.

ஒன்று மறக்க வேண்டாம்: பதிவு கிடைத்தது என்பதற்காக வினாத்தாள் கையில் வந்துவிடாது, பயன்பாட்டு அனுமதியும் தனி. தமிழ் வடிவம் தேவைப்பட்டால் மொழிபெயர்ப்பு, ஏற்புடைமை ஆய்வு (அந்த வடிவம் சரியாக அளக்கிறதா என்ற சோதனை) இரண்டையும் பப்மெடில் (மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளின் தேடுதளம்) தனியாகத் தேடுங்கள்.